வாயில் நுழையாத ஊர்

"அத்தை, காபிக்கு ஒப்ரிகாதோ!" என்றான் ஜினதாஸ், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு.

"ஐயோ, சர்க்கரை பத்தலையாப்பா?" என்று பதறினாள் இந்திரா.

"இல்ல அத்தை, போர்ச்சுகீஸ்ல நன்றின்னு அர்த்தம். அங்க தினமும் பேசிப் பழகி, நாக்குல அதுவே வருது."

பார்சுவநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். போர்ச்சுகீஸ் பேசுகிற மாப்பிள்ளை எவனுக்கு வாய்த்தான்? தை பிறந்தால் மகள் மதனவதிக்கும் ஜினதாசுக்கும் கல்யாணம்.

எல்லாம் சகலை அஜிதநாதனால் வந்த வினை. அந்த மனுஷனின் மருமகன் சிங்கப்பூரில் இருந்தான். அதைச் சொல்லிச் சொல்லியே அவர் இவருடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். கட்டினால் வெளிநாட்டு மாப்பிள்ளைதான் என்று பார்சுவநாதனும் சபதம் போட்டுவிட்டார். ஹூப்ளியில் பாங்கு உத்தியோகம் பார்க்கிற பையன் ஒருவன் தங்கமாக வந்தான். "ஹூப்ளியா? அது உள்நாடாச்சே!" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்புறம்தான் தென்னேரிப் பையன் ஜினதாஸ் கிடைத்தான். போர்ச்சுகீஸ்காரன் ஆளுகிற சீமையில், ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்றே ஊர்ப் பெயரை ஒளிக்காமல்தான் சொன்னான். பார்சுவநாதனின் வாயில்தான் அது நுழையவில்லை. வாயில் நுழையாத ஊர் என்றால் ரொம்ப தூரத்து ஊராகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பரம திருப்தி. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் 'ஜினதாஸ், வெளிநாடு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தும் ஆகிவிட்டது.

கார்த்திகையிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று இந்திரா தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! "பொங்கலுக்கு சிங்கப்பூர்க்காரன் வரான்டி. நம்ம மாப்பிள்ளையை அவன் கண்ணால பாக்கணும்" என்று தள்ளிப்போட்டுவிட்டார். இப்போது மார்கழி நடக்கிறது.

"அங்க பொழைப்பு எப்படி மாப்பிள்ளை?"

"மொதல்ல ரொம்ப கஷ்டம் மாமா. மத்தியானமானா கடையைச் சாத்திட்டு மொதலாளியே தூங்கப் போயிடுவாரு. எனக்குத் தூக்கம் வராது. பக்கத்து ரொட்டிக் கடைக்காரன்கிட்ட போயி பாஷை பழகிக்குவேன். சாப்பாடுதான் சங்கடம். எங்க திரும்பினாலும் மீனு. நான் ஜைனன், பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும்னு சொன்னா சிரிக்கிறான். தேங்காச் சோறும் முந்திரியுமா ஓட்டிக்கினு இருக்கேன்."

"அங்கயும் தேங்காயா?" என்றாள் இந்திரா.

"எங்க பாத்தாலும் தென்னைதான் அத்தை."

"வெளிநாட்டுத் தென்னை வேற மாதிரி இருக்கும்டி, சும்மா இரு" என்று பார்சுவநாதன் அவளை அடக்கினார்.

மதனவதி இட்லித் தட்டோடு வந்தாள். "ஊம், தோய்ஷ், த்ரேஷ்" என்று போர்ச்சுகீஸில் எண்ணி எண்ணி இலையில் வைத்தாள். அப்பாவின் நச்சரிப்பு தாங்காமல் படித்துவைத்தது. ஜினதாஸ் நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவனை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

"மாமா, இன்னிக்குப் பேப்பர் வந்துதா?" என்று ஜினதாஸ் மெல்லக் கேட்டான். "அங்க கொஞ்சம் கலாட்டாவா இருக்குதுன்னுதான் மொதலாளி என்னை ஊருக்கு அனுப்பினாரு. தென்னேரியில ஒரு சேதியும் தெரியல."

"வெளிநாடுன்னா கலாட்டா இருக்கத்தான் செய்யும். நீங்க சாப்பிடுங்க."

அந்த நேரம் பார்த்து அஜிதநாதன் உள்ளே நுழைந்தார். கையில் ஒரு கற்கண்டுப் பொட்டலம்.

"வாப்பா வெளிநாட்டு மாப்பிள்ளை! கப்பல்ல தலை சுத்துச்சா?"

"கப்பலா? நான் பஸ்ல..."

"துறைமுகத்துலேர்ந்து பஸ்லதானே வரணும்! நல்லா கேட்டீங்க சகலை" என்று பார்சுவநாதன் முந்திக்கொண்டார். "கற்கண்டு என்னாத்துக்கு? சிங்கப்பூர்லேர்ந்து ஏதாவது விசேஷமா?"

"அட, ஊரே கொண்டாடிக்கினு இருக்குது, உங்களுக்குச் சேதியே தெரியாதா? நம்ம பட்டாளம் ஜெயிச்சுட்டுது! போர்ச்சுகீஸ்காரன் நேத்து ராத்திரி சரணாகதியாம். கோவா நம்ம தேசத்தோட சேர்ந்துடுச்சு! வாயைத் தொறங்க."

"பாரத மாதாவுக்கு ஜே!" என்று பார்சுவநாதன் தெருவே அதிரக் கத்தினார். ஒரு பிடி கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். பிட்ட இட்லி கையிலேயே இருக்க, ஜினதாஸ் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

"நீங்க ஏன் மாப்பிள்ளை கவலைப்படறீங்க? பாஷைதான் ஒண்ணு. கோவா இங்க இருக்குது, உங்க ஊரு எங்கயோ கடலுக்கு அந்தாண்ட இருக்குது!"

"இல்ல மாமா. எங்க ஊருக்கு ஹூப்ளியில எறங்கி பஸ் மாறணும்."

வாயில் இருந்த கற்கண்டைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பார்சுவநாதன் விழித்தார். அஜிதநாதனின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"பத்திரிகையில வெளிநாடுன்னு அச்சடிச்சு இருக்குதே மாப்பிள்ளை!" என்று பார்சுவநாதன் குழறினார்.

ஜினதாஸ் எழுந்து கைகூப்பினான். "நான் பொய்யே சொல்லல மாமா. நேத்து சாயங்காலம் வரைக்கும் கோவா வெளிநாடுதான்!"