மாப்பிள்ளைக்குப் பசி

"இடது கையை எடுங்க. வலது கையாலதான் தூக்கணும். கீழே விழுந்தா மறுபடியும் தூக்குங்க."

தம்பி பெண்டாட்டியின் குரல் கறாராகக் கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா அதை உதறித் தள்ளினாள். உடம்புக்கு முடியாத மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது?

உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னலோரம் மேஜைமேல் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி வைத்த பல்லி ஒன்று, கொழுத்த வாலோடு உட்கார்ந்திருந்தது. எதிரே நாற்காலியில் தம்பி. அவன் கையில் நீளமான இடுக்கி. பக்கத்துக் கிண்ணத்தில் உயிரோடு நெளிகிற புழுக்கள்.

"என்னம்மா இது கண்றாவி?"

"வாங்க அண்ணி. மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரம். எதிர்வீட்டுப் பொண்ணு வெளியூருக்குப் படிக்கப் போறப்ப எங்ககிட்ட விட்டுட்டுப் போச்சு. அசையறதைத்தான் தின்னும். செத்ததை வச்சா மூஞ்சியைத் திருப்பிக்கும். அதான் மாப்பிள்ளைன்னு பேர் வச்சோம்."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் தம்பி. வீடு கணக்காக இருக்கும் இரும்புப் பெட்டிகளை ஆகாசத்தில் தூக்கி, பூ வைப்பதுபோல் கப்பலில் இறக்கிய கை அது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து அந்தக் கைக்கு ஒரு புழு கனத்தது. இடுக்கி நடுங்கியது. புழு வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடியும் விழுந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

பக்கத்தில் நின்றவளோ கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாளே தவிர, ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

"இங்க குடுடா, நான் போடறேன்" என்று அக்கா கை நீட்டினாள்.

"வேண்டாம் அண்ணி. அவர் கையால போட்டாத்தான் அதுக்குச் சாப்பாடு. இல்லன்னா இன்னிக்கு அது பட்டினிதான்."

"உனக்கென்ன நெஞ்சா, கல்லா? புழு துடிக்குது. வாயில்லா ஜீவன் பசியில காத்துக் கிடக்குது. இவன் பாடு அதுக்கு மேல. கைக்குப் பயிற்சி குடுக்க ரப்பர் பந்து இல்லையா, வேற வழி இல்லையா?"

"பந்தைச் சுவத்துல எறிஞ்சுட்டார் அண்ணி. 'யாருக்காக நான் எழுந்திருக்கணும்'னு கேட்டுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். இதுக்காகத்தான் எழுந்து உட்கார்ந்தார்."

"கதை சொல்லாதே. நாளைக்கே அவனை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வாயில ஊட்டிவிட்டு ராஜா மாதிரி வச்சுக்கிறேன்."

அவள் கண்ணால் மேஜையைக் காட்டினாள்.

இடுக்கி நுனியில் ஒரு புழு தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பியின் முழங்கை மேஜையை விட்டு எழும்பியது. மெதுவாக, அத்தனை மெதுவாக. தொட்டிக்குள் பல்லி தலையைத் திருப்பியது. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே சிலையானது. வால் நுனி மட்டும் துடித்தது. கை தடுமாறியபோதும் அது பாயவில்லை. அவன் வந்து சேரும்வரை எவ்வளவு நேரமானாலும் இருப்பேன் என்பதுபோல் கண் கொட்டாமல் பார்த்திருந்தது.

அக்கா மேஜைப் பக்கம் குனிந்தாள்.

கை தொட்டியின் விளிம்பைத் தாண்டியது. கீழே இறங்கியது. நின்றது. நடுங்காமல் நின்றது.

சடக்கென்று ஒரு பாய்ச்சல். புழுவைக் காணோம். பல்லி நாக்கால் வாயை நக்கிவிட்டு, திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டது.

தம்பியின் கோணிய வாய் சிரித்தது. இறக்க மனசில்லாமல் அந்தக் கையை அந்தரத்திலேயே வைத்திருந்தான். அம்மா இல்லாத வீட்டில் அவனுக்கு நடை பழக்கியவள் அக்காதான். அவன் முதல் அடி வைத்த அன்றைக்குக்கூட அவள் இப்படிப் பிரமித்து நின்றதில்லை.

தம்பி பெண்டாட்டி சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனாள். அக்கா பின்னாலேயே போனாள். அங்கே அவள், புழுக்களை எடுத்து வைத்த கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"புழுவைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும் அண்ணி. இன்னும் பழகலை."

"நான் ஏதோ வாய்க்கு வந்தபடி பேசிட்டேம்மா, மனசுல வச்சுக்காதே. அவன் இங்கேயே இருக்கட்டும்." அக்கா தயங்கினாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன். இவனால முடியாத நாள்ல அந்தப் பல்லி நிஜமாவே பட்டினியா?"

அவள் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"காலையில அவர் கண் முழிக்கிறதுக்கு முன்னாடியே நான் அரை வயித்துக்குப் போட்டுடுவேன். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. தன்னை நம்பி ஒரு உயிர் இருக்குன்னு நினைக்கறதாலதான் அந்தக் கை எழும்புது."

அக்கா அவளுடைய ஈரக் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது தம்பி தலையைச் சாய்த்து எதையோ உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சமையலறையில் தட்டு எடுக்கும் சத்தம். பிறகு அவள் தனக்குச் சாப்பாடு போட்டுக்கொள்ளும் சத்தம். அது காதில் விழுந்த பிறகுதான் அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

"காலையில... அவ போடறது... எனக்குத் தெரியும்க்கா."

"தெரிஞ்சுமாடா இந்தப் பாடு படறே?"

நாக்கு புரள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் தூக்காத அன்னிக்கு... பட்டினி கிடக்கறது... பல்லி இல்லக்கா. அவ."