கடவுச்சொல்லைக் கேட்ட குரல்

"எனக்கு வேலை போகப்போகுது" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள் ஆரணி.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கணவன் நிருஷன் நிமிர்ந்து பார்த்தான்.

"கொழும்புத் தலைமை அலுவலகத்திலை இருந்து ஒரு மேடம் போன் எடுத்தவ. என்ரை கம்பியூட்டர் கடவுச்சொல்லை உடனை சொல்லட்டாம். மாட்டன் எண்டன். கோபத்திலை ஏசினவ. போனை வைச்சிட்டன். உண்மையிலை மேடமா இருந்தால் என்ன செய்யிறது?"

நிருஷன் போன மாதம்தான் தகவல் பாதுகாப்புச் சான்றிதழ்ப் பரீட்சையில் சித்தியடைந்து புது வேலையில் சேர்ந்திருந்தான். அவனாவது ஆறுதல் சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"நாளைக்குப் பாப்பம்" என்றான். ஆரணிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் குருநகரில், அவள் வேலை செய்யும் கடலுணவுக் கம்பனியில், முகாமையாளர் எல்லோரையும் அழைத்தார். ஆரணி எல்லோருக்கும் பின்னால் போய் நின்றாள்.

"நேற்று மேடம் எண்டு பேசினது பாதுகாப்பு நிறுவனத்து ஆள். அது ஒரு சோதனை. ஆரணியைத் தவிர எல்லாரும் கடவுச்சொல்லைக் குடுத்திட்டீங்கள். நன்றி பிள்ளை. சோதனையை நடத்தினவரே இப்ப விளக்குவார்."

கதவைத் திறந்துகொண்டு வந்தவன் நிருஷன்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் அவனைப் பிடித்தாள். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சோதனை முடியுமட்டும் ஆருக்கும் சொல்லக்கூடாது. நீர் குடுத்திருந்தால் அறிக்கையிலை உம்மடை பேரையும் நான்தான் எழுதியிருக்கோணும். நேற்று நீர் குடுக்கேல்லை எண்டு சொல்லுமட்டும் எனக்கு நிம்மதியில்லை" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "உமக்குத்தான் நான் நன்றி சொல்லோணும், ஆரணி."