ஓநாய்க் குழி

"என்ன சொல்றே சோஸ்பெல்? நீ சரின்னாதான் கல்லுல கை வைப்போம்" என்றார் ஊர்த்தலைவர் ஸ்டோப்தன்.

ஊரே ஓநாய்க் குழியைச் சுற்றி நின்றது. ஒரு பக்கச் சுவரைச் சரித்துவிட்டால், இனி விழுகிற ஓநாய் ஏறிப் போய்விடும். எடுக்கிற கற்களில் பக்கத்திலேயே ஒரு ஸ்தூபி கட்டுவதாகப் பேச்சு. லாமா காத்திருந்தார்.

எல்லா வீடும் தலையாட்டியாகிவிட்டது. மிச்சம் சோஸ்பெல் வீடுதான். போன வாரம் அவன் பட்டியில் புகுந்த ஓநாய் பாதி மந்தையைக் கடித்துப் போட்டிருந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற கேள்விதான்.

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

எவ்வளவு சின்னதாகிவிட்டது! மேலே போகப் போகக் குறுகும் அதே சுவர்கள். அவன் சிறுவனாக இருந்தபோது, உள்ளே ஒரு ஆட்டை விட்டால் போதும். ஓநாய் குதிக்கும், ஏற முடியாது. மறுநாள் ஊருக்குத் திருவிழாதான். வெண்ணெய்த் தேநீர், பார்லிக் கள், மேளம். அந்த மேளம் இப்போதும் அவன் காதுக்கு இனித்தது.

விழுந்த ஓநாய்மேல் ஆளுக்கொரு கல் எறிய வேண்டும். எறியாமல் திரும்பினால் மந்தைக்கு ஆகாது என்பார்கள்.

ஒரு குளிர்காலம் இரைக்கு விட்டது அவன் வளர்த்த வெள்ளைக்குட்டியை. பொறுக்கமாட்டாமல் அவனும் உள்ளே குதித்தான். ஏற முடியவில்லை. பின்னாலேயே ஓநாய் விழுந்தது.

விடிந்து ஊர் வந்தபோது ஓநாய் எதிர்ச்சுவரில் ஒண்டிக் கிடந்தது. அவனைவிட அதிகமாக நடுங்கியது. அவனையும் தொடவில்லை, குட்டியையும் தொடவில்லை.

அப்பா கயிறு விட்டுத் தூக்கினார். கட்டிக்கொண்டு அழுதார். பிறகு அவன் கையில் ஒரு கல்லைக் கொடுத்தார்.

"என்னங்க, வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள் மனைவி குன்ஸெஸ்.

"பிரிச்சிருங்க" என்றான் சோஸ்பெல்.

அங்கி மடிப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்து, ஸ்தூபிக்குக் குறித்த இடத்தில் முதலாவதாக வைத்தான்.

குன்ஸெஸ் பதறிப்போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெண்ணெய்ப் பானை மூடிமேல் அவள் வைத்துவந்த கல் அது.

"இத எதுக்குங்க வீட்டுலேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க?"

"இங்க போட வேண்டியதுதான்" என்றான். "அப்பா குடுத்தது."