பால் காய்ச்சாத வீடு

“புது வீட்டுக்கு இன்னும் பால் காய்ச்சலியா அத்தை?” கல்யாணமான மறுநாள் காலையில் மேகலா கேட்டாள்.

“அதுக்கென்ன கண்ணு, அப்புறம் காய்ச்சிக்கலாம்” என்று மாமியார் மாதம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓசூர் ஃபேக்டரியில் அறை அறையாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, வேப்பனப்பள்ளியில் ஒரே நாளில் இறக்கி நிறுத்திய வீடு அது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த மேகலாவின் அப்பா, அதில் மயங்கித்தான் மாந்தோப்பை விற்று நகை போட்டார்.

மேகலாவுக்கு மனசு கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து, தானே அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள்.

வாசலில் கிரேன் வந்து நின்றது.

“ஏங்க, இன்னொரு ரூம் வருதுங்களா?” என்று கணவன் மணிவேலிடம் ஆசையாகக் கேட்டாள்.

கிரேன்காரர்தான் பதில் சொன்னார்.

“அடுப்ப அணைச்சிட்டு வெளிய வாம்மா. வாடகை நேத்தோட முடிஞ்சுபோச்சு. இந்த வீட்ட இன்னைக்கு மத்தூர்ல இறக்கணும். அங்கயும் பொண்ணு வீட்டுக்காரங்க பார்க்க வராங்களாம்.”

மாதம்மாள் அதற்குள் மருமகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்கு நடந்தாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.