இடப்பக்க இருக்கை

ஆறாவது ஜாய்ஸ்டிக்கும் அவள் இடது கைக்குப் பொருந்தவில்லை.

உள்ளங்கையைத் தாங்க வேண்டிய மேடு விரல்களுக்கு அடியில் துருத்திக்கொண்டு நின்றது. கட்டைவிரலுக்கான பொத்தான்கள் எட்டவில்லை.

"எல்லாமே வலது கைக்குத்தான் மேடம் செய்றான்," என்றார் கடைக்காரர் ஜக்கரியா. "பையனுக்கா?"

"எனக்கு."

"கேம் ஆடவா?"

"பழகறதுக்கு. பிளேன் ஓட்டறதுதான் என் வேலை."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ஏணியை இழுத்துப் போட்டு மேல்தட்டுக்கு ஏறினார்.

ரிச்சி தெருவில் காலை பதினொரு மணி. அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பிறகான பரிசோதனையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியும் மடியில் மருந்துப் பையுமாக, அம்மா வாசலோர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது வருடம் துணை விமானி. வலப்பக்க இருக்கை. வலது கையில் ஸ்டிக், இடது கையில் எஞ்சின் நெம்புகோல்.

கேப்டன் என்றால் இடப்பக்க இருக்கை.

கைகள் இடம் மாறும்.

போன வாரம் கேப்டன் தேர்வு. பயிற்சி மையத்தின் சிமுலேட்டரில், பக்கவாட்டுக் காற்றில் தரையிறங்கச் சொன்னார்கள். விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு நழுவி, ஓரத்து விளக்குகளின் மேல் ஏறி நின்றது.

பரிசோதகர் கடுமையாகப் பேசவில்லை. "முடிவெல்லாம் சரியா எடுக்கறீங்க. இடது கைதான் ஒரு நொடி பின்னாடி வருது," என்றார்.

இன்னொரு வாய்ப்பு உண்டு. பதினெட்டு நாளில்.

அதுவும் கைவிட்டுப் போனால் அடுத்தது எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜக்கரியா தூசி தட்டியபடி இறங்கினார்.

"பழைய மாடல். கலர் லைட் கிடையாது, கேம்ல குண்டு போட்டா கையில அதிராது. யாரும் கேக்கறதில்ல. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி."

பிடித்தாள். கண்ணை மூடினாள். நகக்கண் அளவு சாய்த்து விட்டாள். நேராக நடுவுக்கு வந்து நின்றது. அடியில் ஆட்டம் இல்லை. ஸ்பிரிங் தளரவும் இல்லை, முரண்டு பிடிக்கவும் இல்லை.

மறுபடி சாய்த்தாள். இந்த முறை கை அளவு தாண்டிச் சாய்த்துவிட்டது.

ஸ்டிக்கில் குறை எதுவும் இல்லை.

"பழக்கமில்லாத கை பாருங்க," என்றார் ஜக்கரியா. "கஷ்டம்தான்."

"பழக்கமில்லாத கை இல்ல தம்பி."

ஸ்டூலிலிருந்து அம்மா பேசினாள்.

"பொறந்ததுலேர்ந்து மணிமொழிக்கு அந்தக் கைதான். எதை எடுத்தாலும் அதாலதான் எடுப்பா. பாக்கறவங்க எல்லாம் ஒரு மாதிரி பேசினாங்க. ரெண்டு வயசுல, சட்டையோட இடது கைய நுனியில தச்சு மூடிட்டேன். மூணு மாசம். அப்புறம் மறந்துட்டா."

பக்கத்துக் கடையில் யாரோ ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தைந்து வருடத்தில் இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. மருந்துப் பையின் வாயை அம்மா மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள்.

கோபம் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கையில் இருந்தது பதினெட்டு நாள்.

"இதையே குடுங்க," என்றாள்.

வீட்டு மேசையின் இடது ஓரத்தில் அதை அசையாமல் இறுக்கினாள். கணினியில் அதே ஓடுபாதை, அதே பக்கவாட்டுக் காற்று. முதல் நாள் இருபது முறை இறங்கினாள். பதினான்கு முறை புல்தரையில்.

இடது கையால் பல் துலக்கினாள். பூட்டைத் திறந்தாள். பழைய நாட்குறிப்பில் தன் பெயரைப் பக்கம் பக்கமாக எழுதினாள். வெங்காயம் நறுக்கி விரலை வெட்டிக்கொண்டாள். அம்மா பஞ்சு எடுத்து வந்து கட்டுப் போட்டாள். 

சாப்பிடும்போது மட்டும் வலது கை. எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் மதியம், காற்று தள்ளுகிறது என்று அவள் நினைப்பதற்குள் கை அதைத் திருத்திவிட்டிருந்தது.

திரையை நிறுத்தினாள். மேசை மேல் கிடந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடையதோ போல இருந்தது.

பிறகு காற்றின் வேகத்தை ஐந்து புள்ளி கூட்டினாள்.

பதினெட்டாம் நாள் காலை. சீருடை. தேர்வு பத்து மணிக்கு. கீழே கார் வந்துவிட்டதாகக் கைப்பேசி சொன்னது.

அம்மா இட்லித் தட்டை வைத்தாள். தண்ணீர் டம்ளரை எப்போதும் மணிமொழிக்கு இடப்பக்கம்தான் வைப்பாள். வலது கையால் சாப்பிடும்போது, எச்சில் படாத இடது கைக்கு அதுதான் எட்டும்.

இன்றைக்கும் அங்கேதான் வைத்தாள். உள்ளே போக இரண்டடி எடுத்து வைத்தவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

டம்ளரை எடுத்து வலப்பக்கம் வைத்தாள்.

"சாப்பிடு. நேரமாச்சு."

சட்னிக் கிண்ணத்தை எடுக்க அம்மா உள்ளே போனாள். வழக்கத்தைவிட அதிக நேரம் அங்கேயே இருந்தாள்.