கை நனைத்தல்

இலையில் நெல்லுச் சோறு விழுந்தது. மாதையன் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் பெண்ணின் தகப்பன் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. சாப்பிடாமல் எழுந்தால், பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று அர்த்தம்.

யுத்தம் நடக்கிற காலம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமெல்லாம் அரிசிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் அவருக்காக எங்கோ சொல்லிவைத்து அரிசி வாங்கி, கோழியும் அடித்திருந்தார்கள்.

அவர் சோறு தின்று மூன்று வருஷமாகிறது.

மதராஸ் ஆஸ்பத்திரியில் கன்னத்துக்குள் ரேடியம் ஊசிகளைச் செருகிவைத்துப் புற்றை எரித்தார்கள். புற்று போய்விட்டது. அதோடு எச்சிலும் போய்விட்டது. தாடை இறுகிக்கொண்டே வந்து, இப்போது ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கும். மூன்று வேளையும் மோரில் கரைத்த கேழ்வரகுக் கூழ்தான். அதையும் உறிஞ்சித்தான் குடிப்பார்.

சொல்லிவிடலாம். சொன்ன இரண்டு இடத்துக்காரர்களும் திரும்பி வரவில்லை. புற்று ரத்தத்தில் இறங்கும், பெண்ணுக்கும் வரும் என்று பேச்சு. மகள் ராமக்காளுக்கு இருபது முடிந்துவிட்டது.

கூட வந்திருந்த மச்சினன் கோவிந்தன், தான் சாப்பிடாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளையின் அம்மா காசியம்மாள் கரண்டியோடு எதிரே வந்து நின்றாள்.

"ஏனுங்க, எங்க வூட்டுச் சோறு புடிக்கலீங்களா?"

மாதையன் சிறு கவளமாக உருட்டி, விரலால் பல்லிடுக்கில் தள்ளினார்.

குழம்பின் காரம் உள்கன்னத்தில் நெருப்பாகப் பிடித்தது. சோறு நாக்கில் மணல் மாதிரி கிடந்தது. உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. தண்ணீரை ஊற்றி விழுங்கினார். பாதி இறங்கியது. மீதி தொண்டையில் நின்றது.

இருமினால் எல்லாம் இலையில் வந்து விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மடக்குக் குடித்தார்.

செம்பு காலியானது. இரண்டாவது கவளத்தை உள்ளே தள்ளினார்.

கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

பந்தியில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

காசியம்மாள் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்தாள்.

"பெத்து வளத்த பொண்ணக் குடுக்கறதுன்னா சும்மாவுங்களா" என்றாள். "மனசு கலங்காதீங்க சம்பந்தி. மாசம் ஒருக்கா இங்க வந்துருங்க. எங்களோட உக்காந்து வயிறாரச் சாப்புட்டு, புள்ளையப் பாத்துட்டுப் போங்க. வரலீன்னா நாங்க கோவிச்சுக்குவோம்."

கோவிந்தன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

காசியம்மாள் குனிந்து, மாதையனின் இலையில் இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்தாள்.

வாயில் இருந்தது இன்னும் இறங்கவில்லை. சரியென்று தலையை ஆட்டினார்.