சிவப்புக் கோடு

வாணலியில் எண்ணெய் காய்ந்தது. பிரகாசம் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்துத் தலையாட்டினான்.

“வடை எப்பய்யா வரும்?” வேலியோரக் கூட்டத்தில் ஒருவன் சப்புக்கொட்டினான்.

“வெளக்கெண்ணெய்யா இது! தின்னுட்டு நீயும் ரேஸ் ஓடறியா?”

பிரகாசம் அதைப் பந்தயக் காரின் எஞ்சினுக்குள் ஊற்றினான். முப்பத்தாறாம் வருஷத்துப் பந்தய எஞ்சின் புது மாப்பிள்ளை மாதிரி. எண்ணெய் ஆறியிருந்தாலும் கோபம். சூடு மீறினாலோ இறுகிச் செத்தே போகும்.

முதலாளி முசியே ஜான்-பத்திஸ்த்துக்குக் கார் இரண்டு, மெக்கானிக்கும் இரண்டு: பிரகாசம், லூயிஸ். “சைகோன்ல எம் மச்சான் பட்டறைக்கு ஒரு ஆளு கேக்கறான். உங்க ரெண்டு பேர்ல யாருன்னு ரேஸ் முடிஞ்சதும் சொல்றேன்” என்றிருந்தார். போகிறவனுக்குச் சைகோனில் தனி வீடு உண்டு. முத்தியால்பேட்டை ஒற்றை அறையில் ஆறு பிள்ளைகளோடு நசுங்கிய பிரகாசத்தின் மனைவி அகஸ்டினா, பெட்டியே கட்டிவிட்டாள்.

கொடி விழுந்தது. முசியே ஓட்ட, பக்கத்தில் பிரகாசம் எண்ணெய்ச் சூடு காட்டும் முள்ளையே முறைத்தான். தொண்ணூறு, நூறு... சிவப்புக் கோடு நெருங்கியது.

“முசியே, காலை எடுங்க!”

“ஜெயிக்கணும்டா!”

“எஞ்சின் இருந்தாத்தான ஜெயிக்கறது!”

முசியே வேகத்தைக் குறைத்தார். பிரகாசம் வெளியே தொங்கி, எண்ணெய்க் குழாயில் ஈரச் சாக்கைச் சுற்றினான். எழுந்த ஆவியில் ஒரு படி அரிசி வெந்திருக்கும். வெந்தது அவன் உள்ளங்கை. இருபது சுற்றிலும் முள் சிவப்பைத் தொடவில்லை.

இன்னொரு காரை முசியேவின் தம்பி அந்துவான் ஓட்டினார். பக்கத்தில் இருந்த லூயிஸ் முள்ளை விட்டுவிட்டு, கூட்டத்துக்குக் கையாட்டிக்கொண்டே வந்தான். நாலாவது சுற்றிலேயே எஞ்சின் இறுகி நின்றது. அந்தப் புகையைப் பார்த்து மழை வருகிறதென்று அரியாங்குப்பத்தில் காயப்போட்ட துணியையெல்லாம் எடுத்துவிட்டார்கள்!

கோப்பையோடு முசியே பிரகாசத்தைக் கட்டிக்கொண்டார். “உன்ன மாதிரி மெக்கானிக் பிரான்சுலயே இல்லடா!”

கொப்புளம் எரிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு பிரகாசம் கேட்டான். “கப்பல் என்னிக்கு முசியே?”

“வியாழக்கிழமை.”

“அகஸ்டினா காலையிலயே பெட்டி கட்டிட்டா முசியே.”

முசியே விழுந்து விழுந்து சிரித்தார்.

“போறது லூயிசுடா! வேலை தெரிஞ்சவன எவனாச்சும் அனுப்புவானா?”